மகள்கள் திருத்தி எழுதிய அப்பாக்கள்

ஃபிரான்சிஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1905இல் வெளியிட்ட 'எ லிட்டில் பிரின்சஸ்' நாவலில் கேப்டன் க்ரூ இறந்துபோகிறார். அதில் ஐயத்துக்கு இடமே இல்லை. இந்தியாவில் வேலை பார்க்கும் அவர் ஏழு வயது மகள் சாராவை லண்டன் விடுதிப் பள்ளி ஒன்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறார். நண்பரை நம்பி வைரச் சுரங்கத்தில் பணத்தைக் கொட்டுகிறார். எல்லாம் போயிற்று என்ற அதிர்ச்சியும் காட்டுக் காய்ச்சலும் சேர்ந்து அவரைக் கொன்றுவிடுகின்றன. மகளின் பதினோராவது பிறந்தநாள் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது வக்கீல் அந்தச் செய்தியோடு வருகிறார். அன்றிரவே சாரா பரணறைக்குத் துரத்தப்பட்டு வேலைக்காரியாகிறாள். கதை முடியும்போது சுரங்கம் பொய்க்கவில்லை என்று தெரியவருகிறது, பணம் திரும்பக் கிடைக்கிறது, அப்பாவின் நண்பரே அவளுக்குக் காப்பாளராகிறார். அப்பா மட்டும் வருவதில்லை.

ஹாலிவுட்டுக்கு இது பொறுக்கவில்லை. 1939இல் ஷெர்லி டெம்பிள் நடித்து வந்த படத்தில், போயர் போரில் காயம்பட்டு மருத்துவமனையில் தன்னினைவில்லாமல் கிடக்கும் அப்பாவை மகள் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறாள். 1995இல் அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த படத்தில் ஊர் நியூயார்க், போர் முதல் உலகப் போர். அங்கும் நினைவிழந்த அப்பா பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார், கடைசி நிமிடத்தில் மகளை அடையாளம் காண்கிறார். ஐம்பத்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டு படங்கள் நாவலில் செய்த திருத்தங்களுள் பெரியது இதுதான்: அப்பாவைச் சாக விடக் கூடாது.

சினிமாக்காரர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அப்பாவைத் திருத்துவது எழுத்திலேயே தொடங்கிய வேலை. ஆங்கிலத்தில் இளையோருக்காக எழுதப்பட்ட, அல்லது இளையோர் தமதாக்கிக்கொண்ட நாவல்களில் நாம் நேசிக்கும் அப்பாக்களில் பலர் எழுத்தாளர்களின் சொந்த அப்பாக்கள். மகள்கள் அவர்களைத் தாளில் இறக்கும்போது எதையோ வெட்டியிருக்கிறார்கள், எதையோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வெட்டப்பட்டது அநேகமாக அப்பாவின் குணக்கேடு அல்ல; அப்பாவின் பணமின்மை. குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் நின்ற ஒரு மனிதரை, காப்பாற்ற முடிந்தவராகவோ காப்பாற்றும் இடத்திலேயே இல்லாதவராகவோ மாற்றிவிடுகிறார்கள்.

குழந்தை இலக்கியத்தில் பெற்றோர் ஏன் காணாமல் போகிறார்கள் என்ற கேள்விக்கு விமரிசகர்கள் வைத்திருக்கும் வழக்கமான பதில், பெரியவர் வீட்டில் இருந்தால் சிறுவர்கள் சாகசம் செய்ய முடியாது என்பது. அது சரிதான், ஆனால் பாதிதான். பர்னெட்டின் தந்தை 1853இல் இறந்தபோது மகளுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. 'தி ரெயில்வே சில்ட்ரன்' எழுதிய ஈடித் நெஸ்பிட்டின் தந்தை 1862இல் இறந்தபோது அவருக்கு வயது மூன்று. இருவருக்கும் அப்பா என்பவர் நினைவு என்று சொல்லக்கூட முடியாத ஒன்று. பர்னெட் அந்த இழப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகச் செல்வத்தையும் ஒரு காப்பாளரையும் கொடுத்தார். நெஸ்பிட் வேறு வழியில் போனார். 1906இல் நூலாக வந்த அவர் நாவலில் அரசு உத்தியோகத்தில் இருக்கும் அப்பாவை ஒருநாள் இரவு இரண்டு பேர் வந்து அழைத்துப்போகிறார்கள். நாட்டின் ரகசியங்களை அந்நியருக்கு விற்றார் என்பது குற்றச்சாட்டு. பிரான்ஸில் ராணுவ ரகசியத்தை அந்நியருக்குக் கொடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட ட்ரைஃபஸின் வழக்கு அப்போதுதான் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. வாசகர்களுக்கு அந்த எதிரொலி கேட்டிருக்கும். மூத்த மகள் ராபர்ட்டா ஒரு பழைய செய்தித்தாளைப் பார்த்து உண்மையைத் தெரிந்துகொள்கிறாள், தம்பி தங்கையிடம் சொல்லாமல் தானே சுமக்கிறாள். கடைசியில் ரயில் நிலையத்தில் புகை விலகும்போது அப்பா நிற்கிறார். அதன்பின் நெஸ்பிட் செய்வது எனக்கு எப்போதும் வியப்புத் தரும்: வீட்டுக்குள் நடக்கும் சந்திப்பைக் காட்டாமல், வாசகரையும் கூட்டிக்கொண்டு கதைசொல்லி வெளியேறிவிடுகிறாள். வீட்டுக்குள் இருக்கும் அப்பா எப்படிப் பேசுவார், எப்படி உட்காருவார் என்று நெஸ்பிட்டுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

(நம்மிடமும் பாரி மகளிரின் குரல் கேட்கத் தொடங்குவது பாரி இறந்த பிறகுதான். அந்தப் பெண்களோடு பாரி எப்படிப் பேசினான் என்று புறநானூறு சொல்வதில்லை.)

அப்பா உயிரோடு, அதே கூரையின் கீழ், நாள் தவறாமல் கண்ணெதிரே இருந்தால் மகள் என்ன செய்வாள்? லூயிசா மே ஆல்காட்டின் கதை அங்கே தொடங்குகிறது.

அவருடைய தந்தை பிரான்சன் ஆல்காட் ஊரறிந்த மனிதர். எமர்சனுக்கும் தோரோவுக்கும் நண்பர், தத்துவவாதி, அடிமை முறையை எதிர்த்தவர், அடித்துச் சொல்லித்தருவது கூடாது என்று அந்தக் காலத்திலேயே நம்பிய ஆசிரியர். 1834இல் பாஸ்டனில் அவர் தொடங்கிய டெம்பிள் பள்ளிக்கு முதலில் நல்ல பெயர். விவிலியம் பற்றிக் குழந்தைகளோடு நடத்திய உரையாடல்களை அவர் நூலாக்கியதும் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். பிறகு ஒரு சிறு பள்ளியில் கறுப்பினச் சிறுமி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார். அவளை அனுப்ப மாட்டேன் என்றார். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். கொள்கையில் நிமிர்ந்து நின்ற ஒவ்வொரு முறையும் வீட்டில் அடுப்பு அணைந்தது.

உச்சம் 1843இல் வந்தது. சார்ல்ஸ் லேன் என்ற ஆங்கிலேயரோடு சேர்ந்து பிரான்சன், மாசசூசெட்ஸில் ஹார்வர்ட் என்ற சிற்றூர் அருகே 'ஃப்ரூட்லேண்ட்ஸ்' என்ற கூட்டு வாழ்க்கைப் பண்ணையைத் தொடங்கினார். இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. பருத்தி அடிமைகள் விளைவிப்பது என்பதால் பருத்தித் துணி கிடையாது. கம்பளி ஆட்டிடமிருந்து பறிப்பது என்பதால் அதுவும் கிடையாது. நியூ இங்கிலாந்துக் குளிரில் லினன் துணி. ஜூன் மாதம் தொடங்கிய பண்ணை அடுத்த ஜனவரியைத் தாண்டவில்லை. குடும்பம் என்ற அமைப்பையே கலைத்துவிட வேண்டும் என்று லேன் சொல்ல, பிரான்சன் மனைவியையும் நான்கு மகள்களையும் விட்டுப் பிரிவதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார். பிறகு சாப்பிட மறுத்துப் படுக்கையில் விழுந்தார். லூயிசாவுக்கு அப்போது பதினொரு வயது. பின்னாளில், 1873இல், இந்தப் பண்ணையைப் பற்றி அவர் எழுதிய சிறு படைப்பு நல்ல கேலி. விவசாய வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது ஆண்கள் தத்துவம் பேசக் கிளம்பிவிட, அம்மாவும் பிள்ளைகளும் கதிர்களை வாரிக் காப்பாற்றுவது அதில் வருகிறது. அப்பா மீதான கோபம் அதில் தெரியத்தான் செய்கிறது, ஆனாலும் அங்கேயும் கடைசியில் அப்பா இரக்கத்துக்கு உரியவராகிவிடுகிறார்.

1854இல் பிரான்சன் மேற்கு மாநிலங்களில் சொற்பொழிவுச் சுற்றுப்பயணம் போய்த் திரும்பியபோது கையில் ஒரு டாலர் இருந்தது. லூயிசா அதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். தையல், டியூஷன், வீட்டு வேலை, பத்திரிகைக்குப் பேய்க்கதை என்று கிடைத்ததையெல்லாம் செய்து வீட்டை நடத்தியவர்கள் அம்மாவும் மகள்களும்தான்.

இந்த அப்பாவை 1868இல் 'லிட்டில் விமன்' நாவலுக்குள் கொண்டுவர வேண்டும். ஆல்காட் கண்டுபிடித்த வழி, அவரை உள்நாட்டுப் போருக்கு அனுப்பிவிடுவது. மிஸ்டர் மார்ச் போர்க்களத்தில் பாதிரியார். குடும்பம் ஏழையாக இருப்பதற்கும் அவர் பிழைக்கத் தெரியாதவர் என்பது காரணமில்லை. கஷ்டத்தில் இருந்த நண்பருக்கு உதவப்போய்ச் சொத்தை இழந்துவிட்டார். உண்மையில் போருக்குப் போனது அப்பா இல்லை, லூயிசா. 1862 டிசம்பரில் வாஷிங்டன் மருத்துவமனை ஒன்றில் செவிலியாகச் சேர்ந்தார். சில வாரங்களில் டைபாய்டு வந்து படுத்தார். வீட்டிலிருந்து கிளம்பிப்போய் அவரை அழைத்துவந்தவர் பிரான்சன். நாவலில் இது அப்படியே தலைகீழாகிறது: வாஷிங்டனில் நோயில் கிடப்பவர் அப்பா, கிளம்பிப்போவது அம்மா, செலவுக்கு மகள் ஜோ கூந்தலை 25 டாலருக்கு விற்கிறாள். லூயிசாவின் கூந்தலும் போனதுதான், ஆனால் தன் காய்ச்சலின்போது, தன் படுக்கையில். தன் உடம்பு பட்டதை எடுத்து அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, அந்த அப்பாவுக்காகத் தியாகம் செய்யும் இடத்தில் ஜோவை நிறுத்தியிருக்கிறார்.

இதை வெறும் பொய் என்று நான் நினைக்கவில்லை. கொள்கைக்காக நின்றவர் என்ற உண்மை அப்பாவிடம் இருந்தது. சம்பாதிக்காதவர் என்ற உண்மையும் இருந்தது. நாவலுக்கு முதலாவது போதும் என்று மகள் முடிவு செய்தார். விலை என்னவென்றால், மிஸ்டர் மார்ச் நாவலில் இருந்தும் இல்லாதவராகிவிட்டார். போரிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு மகளையும் பார்த்து இந்த ஓராண்டில் நீ எப்படி மாறியிருக்கிறாய் என்று மதிப்பெண் போடுவதுபோலப் பேசுகிறார், பிறகு படிப்பறைக்குள் போய்விடுகிறார். இரண்டாம் பாகம் முழுக்க அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அந்த வெற்றிடம் இந்த நூற்றாண்டில்கூட எழுத்தாளர்களை உறுத்தியது: ஜெரால்டின் ப்ரூக்ஸ் 2005இல் அந்த அப்பாவின் போர்க்கால வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டு 'மார்ச்' என்ற நாவலை எழுதினார், அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மகளின் எழுத்து வருமானம் குடும்பக் கடன்களை அடைத்தது, தந்தையின் முதுமைக்கும் சோறு போட்டது. 1888 மார்ச் 4இல் பிரான்சன் இறந்தார். அடுத்த இரண்டாம் நாள் லூயிசாவும் போய்ச்சேர்ந்தார். இருவருக்கும் பிறந்தநாளும் ஒன்றே, நவம்பர் 29.

லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதிய அப்பா இதற்கு நேர் எதிர்: எந்த நேரமும் வீட்டில் இருப்பவர். 'லிட்டில் ஹவுஸ்' வரிசை நூல்களைப் படித்த பிள்ளைகள் மறக்காதது அந்த அப்பாவைத்தான். மரம் வெட்டி வீடு கட்டுகிறார், தோட்டாவுக்கு ஈயம் உருக்குகிறார், வேட்டையாடுகிறார், இரவானால் ஃபிடில் எடுத்து வாசிக்கிறார். முதல் நூல் 1932இல் வந்தபோது ஆசிரியருக்கு வயது அறுபத்தைந்து. தந்தை சார்ல்ஸ் இங்கல்ஸ் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அப்பா சொன்ன கதைகள் தொலைந்துபோகக் கூடாது என்பதற்காகவே எழுதத் தொடங்கினேன் என்ற பொருளில் வைல்டர் 1937இல் டெட்ராய்ட்டில் நடந்த புத்தக விழாவில் பேசினார்.

நூல் வரிசையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மின்னசோட்டாவில் வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தபின் குடும்பம் 1876இல் அயோவா மாநிலத்தின் பர் ஓக் என்ற ஊருக்குப் போனது. வழியிலேயே ஒன்பது மாதத் தம்பி இறந்தான். பர் ஓக்கில் அவர்கள் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தார்கள். சுதந்திரமான விவசாயி என்று நூல்கள் கொண்டாடும் அப்பா, அங்கே அடுத்தவர் ஹோட்டலில் கூலிக்கு உழைத்தார். ஊரில் வசதியான பெண்மணி ஒருவர், லாராவைத் தனக்குக் கொடுத்துவிடும்படி அம்மாவிடம் கேட்டார். வாடகை பாக்கி நின்றது, வீட்டுக்காரரோடு ஒத்துவரவில்லை, ஒருநாள் இருட்டில் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு குடும்பம் சொல்லாமல் கிளம்பிவிட்டது. இதையெல்லாம் வைல்டர் எழுதாமல் இல்லை. 1930 வாக்கில் பெரியவர்களுக்காக எழுதிய 'பயனியர் கேர்ள்' என்ற தன்வரலாற்றில் எழுதினார். பதிப்பாளர்கள் யாரும் அதை ஏற்கவில்லை; விரிவான குறிப்புகளோடு அது அச்சானது 2014இல்தான். அதே வாழ்க்கையைச் சிறுவர்களுக்காக, மகள் ரோஸ் வைல்டர் லேனின் கைத்திருத்தத்தோடு மறுபடி எழுதியபோது பர் ஓக் முழுவதுமாகக் காணாமல் போனது. ராத்திரியோடு ராத்திரியாக ஊரைவிட்டு ஓடிய அப்பா ஃபிடில் வாசிக்கும் அப்பாவோடு ஒரே அட்டைக்குள் பொருந்தவில்லை.

இன்னொரு மறைப்பு இன்னும் கனமானது. கான்சஸில் சார்ல்ஸ் மரவீடு கட்டிய இடம் 1869இல் ஓசேஜ் மக்களின் நிலம், சட்டப்படியே அவர்களுடையது. 1935இல் வந்த நூலில், அங்கே குடியேறலாம் என்று அரசாங்கம் நம்பவைத்து ஏமாற்றியதாக அப்பா கொதிக்கிறார். நிஜத்தில் லாரா அங்கிருந்தது இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுவரை. நூலில் அவளை மூத்தவளாக்கி எல்லாவற்றையும் பார்க்கவைத்திருக்கிறார். அதாவது அந்த நியாயம் மகளின் நினைவு அல்ல, அப்பா வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்ந்த நியாயம். பூர்வகுடிகளும் கறுப்பினத்தவரும் இந்நூல்களில் வரும் விதத்தைக் காரணம் காட்டி, அமெரிக்கச் சிறுவர் நூலகச் சங்கம் தன் விருதிலிருந்து வைல்டரின் பெயரை 2018இல் நீக்கியது. 'லிட்டில் டவுன் ஆன் தி ப்ரெய்ரி'யில் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு கேலிக்கூத்து ஆடுபவர்களில் அப்பாவும் ஒருவர். அதை மட்டும் வைல்டர் வெட்டவில்லை. வெட்ட வேண்டிய விஷயமாக அவருக்குத் தோன்றவேயில்லை. கடன் வெட்கம், அது வெட்கமில்லை.

இருந்தாலும் 1940இல் வந்த 'தி லாங் விண்டர்' நூலில் மட்டும் அப்பாவின் இயலாமை தடுக்க முடியாமல் உள்ளே வந்துவிடுகிறது. 1880–81 பனிக்காலம். ரயில் வருவதில்லை, கரி தீர்ந்துவிட்டது, வைக்கோலை முறுக்கி முறுக்கி அடுப்பெரிக்கிறார்கள். கை வீங்கி விறைத்துப்போய் அப்பாவால் ஃபிடில் வாசிக்க முடியவில்லை. பனிப்புயலைப் பார்த்துக் கையை ஓங்கிக் கத்துகிறார். பக்கத்தில் இருக்கும் இளைஞர்கள் விதைக்காகச் சுவருக்குள் ஒளித்துவைத்திருக்கும் கோதுமையைக் கண்டுபிடித்து, நேராகப் போய் வாளியில் பிடித்துக்கொள்கிறார். கெஞ்சலும் மிரட்டலும் கலந்த செயல் அது. பசியில் ஒரு நல்ல மனிதர் என்ன செய்வார் என்பதை மகள் ஒரு நொடி பார்க்க விட்டிருக்கிறாள். வரிசையில் இதுதான் சிறந்த நூல் என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்தப் பக்கங்களே காரணம். இந்நூல்களை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடருக்கு இதெல்லாம் எதற்கு? 1974இல் தொடங்கிய அந்தத் தொடரில் அப்பாவாக நடித்த மைக்கேல் லேண்டன், நிஜமான சார்ல்ஸ் இங்கல்ஸின் நீண்ட தாடியைக்கூட மழித்துவிட்டார்.

ஹார்ப்பர் லீயிடம் திருத்தத்துக்கு முந்திய படியே நமக்குக் கிடைத்துவிட்டது. 1960இல் வந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் அட்டிகஸ் ஃபின்ச், தந்தை அமாசா கோல்மன் லீயின் சாயல் கொண்டவர். அமாசா லீயும் அலபாமாவில் மன்ரோவில் என்ற ஊரில் வக்கீல். 1919இல் கறுப்பினத் தந்தை, மகன் இருவருக்காக வாதாடித் தோற்றார், இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அதற்குமேல் அவர் தம் காலத்துத் தெற்கத்திய வெள்ளையர். இனப் பிரிவினையை நெடுங்காலம் ஆதரித்தவர். 1957இல் மகள் பதிப்பகத்துக்குக் கொடுத்த முதல் கைப்பிரதியில் இந்த இரண்டாவது பாதி இருந்தது. அதில் இருபத்தாறு வயது ஜீன் லூயிஸ் நியூயார்க்கிலிருந்து ஊருக்கு வருகிறாள், கறுப்பினத்தவரின் உரிமைகளை எதிர்க்கும் வெள்ளையர் குழுவின் கூட்டத்தில் அப்பா உட்கார்ந்திருப்பதை நீதிமன்ற மாடியிலிருந்து பார்க்கிறாள். பதிப்பாசிரியர் டே ஹோஹோஃப் கதையைக் குழந்தைப் பருவத்துக்குக் கொண்டுபோகத் தூண்டினார். ஜீன் லூயிஸ் சிறுமி ஸ்கௌட் ஆனாள். அதே மாடியிலிருந்து இப்போது அவள் பார்ப்பது, கறுப்பின மனிதருக்காக வாதாடும் அப்பாவை.

வயதைக் குறைத்ததும் அப்பா உயர்ந்துவிட்டார். இளையோர் நூல்களின் அப்பாக்கள் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. 2015இல் பழைய பிரதி 'கோ செட் எ வாட்ச்மேன்' என்று வெளியானபோது, தங்கள் பிள்ளைகளுக்கு அட்டிகஸ் என்று பெயர் வைத்தவர்கள் உட்படப் பலர் துரோகம் இழைக்கப்பட்டதாக வருந்தினார்கள். இலக்கியமாக 'வாட்ச்மேன்' பலவீனமான நூல்தான், வாதங்கள் நீள்கின்றன. ஆனால் அப்பாவிடம் ஏமாந்த மகளின் ஆத்திரம் அதில் நிஜமாக இருக்கிறது; 'மாக்கிங்பேர்ட்'டில் அந்த ஆத்திரத்துக்கு இடமில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மகள்கள் எழுதியது. அப்பா எழுதினால் அங்கே மகள் திருத்தப்படுகிறாள். 1928 கோடையில் அலகாபாத்திலிருந்து ஜவாஹர்லால் நேரு, முசௌரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள் அடுத்த ஆண்டு நூலாயின: பூமி எப்படித் தோன்றியது, உயிர் எப்படி வந்தது, ஆதி மனிதர் எப்படி வாழ்ந்தார்கள். 1930 அக்டோபரில் நைனி சிறையில் பிறந்தநாள் கடிதமாகத் தொடங்கிய இரண்டாவது வரிசை 196 கடிதங்களாக விரிந்து 1934இல் உலக வரலாறாக வந்தது. சிறையிலிருந்து தரக்கூடிய பரிசு இது ஒன்றுதான் என்று அவரே சொல்லித் தொடங்குகிறார். இந்தியாவில் பல தலைமுறைப் பிள்ளைகள் இக்கடிதங்களைப் படித்து வளர்ந்தார்கள், நானும்தான். கொஞ்சம் வளர்ந்தபின் ஒன்று உறைத்தது: அத்தனை பக்கங்களிலும் மகள் பேசுவதே இல்லை. அம்மா கமலா நோயில் இருந்த, வீட்டுப் பெரியவர்கள் சிறைக்குப் போவதும் வருவதுமாக இருந்த ஒரு வீட்டில் தனியாக வளர்ந்த அந்தப் பெண் என்ன நினைத்தாள்? சோனியா காந்தி தொகுத்து 1989இல் வந்த கடிதத் தொகுதியில்தான் அவளுடைய பதில்களும் வாசகர் கைக்கு வந்தன. உலக வரலாற்றுப் பக்கங்களில் இருக்கும் 'மகள்' சோர்வதில்லை, சலிப்பதில்லை, கோபப்படுவதில்லை. நேருவைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் எழுதுவதற்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

மகள்கள் எழுதியவற்றுக்குத் திரும்பினால், மேடலின் லெங்கிளின் 'எ ரிங்கிள் இன் டைம்' (1962) அந்த வரிசையில் ஒரு திருப்பம். மெக் மரி, காணாமல்போன விஞ்ஞானி அப்பாவை வேறொரு கிரகத்தின் சிறையிலிருந்து மீட்கிறாள். அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் அவள் எதிர்பார்ப்பு, வாசகரின் எதிர்பார்ப்பும். ஆகவில்லை. தப்பி வரும்போது தம்பி சார்ல்ஸ் வாலஸைப் பின்னால் விட்டுவிட்டு வரவேண்டியதாகிறது, மெக்கும் உறைந்து கிடக்கிறாள், என்ன செய்வதென்று அப்பாவுக்கும் தெரியவில்லை. அவள் அவர்மேல் எரிந்துவிழுகிறாள். அடுத்த முறை தம்பியை மீட்க அவள் தனியாகவே போகிறாள். லெங்கிளின் தந்தை 1936இல் மகள் விடுதிப் பள்ளியில் இருக்கும்போது இறந்தார், அவரால் நேரத்துக்கு வந்துசேர முடியவில்லை. கதையில் அப்பாவை எட்டிப் பிடிக்கவும் செய்தார், எட்டிப் பிடித்தபின் அவர் வெறும் மனிதர்தான் என்று காட்டவும் செய்தார். நெஸ்பிட் மூடிய கதவு இங்கே கொஞ்சம் திறக்கிறது.

அதை அகலத் திறந்தவர் பெவர்லி கிளியரி. 1977இல் வந்த 'ரமோனா அண்ட் ஹெர் ஃபாதர்' மிகச் சாதாரணமான ஊரில், போர்ட்லண்டின் ஒரு தெருவில் நடக்கிறது. ரமோனாவுக்கு ஏழு வயது. சம்பள நாளன்று அப்பா ஒரு பொட்டலம் மிட்டாயோடு வருகிறார். பிள்ளைகள் குதிக்கிறார்கள். அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்பது அதன்பிறகு தெரிகிறது. இதை இந்த வகை நூல்களில் முதலில் படித்தவர்களுக்கு அதிர்ச்சியாகவே இருந்திருக்கும்: போர் இல்லை, சிறை இல்லை, காட்டுக் காய்ச்சல் இல்லை, ஆட்குறைப்பு. அம்மா பகுதிநேர வேலையை முழுநேரமாக்கிக்கொள்கிறார். மலிவான தீனி பிடிக்காத பூனை, ஹாலோவீனுக்குச் செதுக்கி வைத்த பூசணியைத் தின்றுவிடுகிறது; அதை வைத்தே வீட்டில் சண்டை. பகல் முழுக்க அப்பா வீட்டில் இருக்கிறார், தொலைபேசி மணி அடிக்கக் காத்திருக்கிறார், நிறையப் புகைக்கிறார்.

குடும்பத்தைக் காப்பாற்ற ரமோனா தீர்மானிக்கிறாள். டிவி விளம்பரத்தில் நடித்தால் லட்சலட்சமாகக் கிடைக்குமாம். ராணி வேஷத்துக்காக ஒட்டுமுள் காய்களைக் கோத்துத் தலையில் கிரீடமாக வைத்துக்கொள்கிறாள், அது முடியோடு சிக்கிக்கொள்கிறது. அப்பா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக வெட்டி எடுக்கிறார். வேலையில்லாத அப்பாவிடம் இருப்பது நேரம். அந்த நேரத்தை அவர் மகளின் தலையில் செலவழிக்கிறார். ஆல்காட்டின் ஜோவும் கூந்தலை இழக்கிறாள், அப்பாவுக்காக, அப்பா கண்காணாத இடத்தில் கிடக்கும்போது. ரமோனா அப்பாவின் மடியருகே உட்கார்ந்து கொஞ்சம் முடியை இழக்கிறாள், யாருக்கும் ஒரு காசு பிரயோசனமில்லாமல். அந்த நூற்றுச் சொச்ச ஆண்டுகளில் இந்த உறவை எழுதுவதில் என்ன மாறியிருக்கிறது என்பதைப் பார்க்க இந்த இரண்டு காட்சிகளே எனக்குப் போதும்.

பிறகு சிகரெட். அமெரிக்காவில் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது 1971இல். பள்ளியில் கேட்டுவந்ததை வைத்துக்கொண்டு ரமோனாவும் அக்கா பீஸஸும் வீட்டுக்குள் பிரச்சாரம் தொடங்குகிறார்கள், அட்டை எழுதி மாட்டுகிறார்கள். அப்பாவுக்குக் கோபம் வருகிறது. வேலை போனவனிடம் மிச்சம் இருக்கும் ஒரே சுகத்தையும் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்ற கோபம் அது. விடுகிறார், மறைவாக ஒன்றைப் பற்றவைக்கும்போது மகளிடம் மாட்டிக்கொள்கிறார். அப்பாவைக் கண்டிக்கும் மகளை அதற்கு முன்பும் எழுதியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் அவள் புனிதவதியாக இருப்பாள். ரமோனா தொல்லை. அவள் சொல்வது சரி என்பதும் அவள் தொல்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மை.

கிளியரி 1916இல் பிறந்து 2021இல் இறந்தார். அவருடைய தந்தை ஓரிகானில் விவசாயத்தை விட்டுவிட்டு நகரத்துக்கு வந்து, பெருமந்தக் காலத்தில் வங்கி வேலையை இழந்தவர். 1988இல் வந்த நினைவுநூலில் அந்த நாட்களை மகள் எழுதியிருக்கிறார். ஆல்காட்டுக்கும் வைல்டருக்கும் இருந்த அதே பொருள்தான்: பிழைப்புக்கு வழியற்று நிற்கும் அப்பா, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மகள். கிளியரி அவரைப் போருக்கு அனுப்பவில்லை, ஃபிடிலைக் கையில் கொடுக்கவில்லை. நாற்பதாண்டு முந்திய வலியை 1970களின் வீடு ஒன்றில் குடியேற்றினார்.

ரமோனாவின் அப்பா மிஸ்டர் க்விம்பிக்குக் கடைசியில் கிடைப்பது சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் வேலை. பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, அப்பாவுக்கு அது அவ்வளவு இல்லை என்பது ரமோனாவுக்கே தெரிகிறது. அடுத்தடுத்த நூல்களில் அவர் ஓவிய ஆசிரியராவதற்காகக் கல்லூரியில் சேர்கிறார், உறைந்த உணவுக் கிடங்கில் குளிரில் நின்று வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறார். 1984இல் வந்த 'ரமோனா ஃபாரெவர்' நூலில் படிப்பு முடிகிறது. ஆசிரியர் வேலை கிடைக்கக்கூடிய இடம் வீட்டிலிருந்து வெகு தொலைவு. போனால் குடும்பமே இடம்பெயர வேண்டும். அவர் போகவில்லை. அதே சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தில் மேலாளராகச் சேர்ந்துகொள்கிறார்.